பதினொரு மணிச் சண்டைகள்

சோக்விக் மர ஆலையில் காலை பதினொரு மணிக்குச் சங்கு ஊதும். காப்பி குடிக்கக் கால் மணி நேரம் விடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பாதிப் பேர் காப்பியை மறந்துவிட்டு அஞ்சலகத்துக்கு ஓடி வருவார்கள். ரயிலில் வந்த பத்திரிகைகளை டெக்லா சாண்டெலின் அதற்குள் பிரித்து வைத்திருப்பாள். நான்கு அடுக்கு. மேலாளரும் பாதிரியாரும் படிக்கும் பழமைவாதப் பத்திரிகை, டெக்லாவே படிக்கும் தாராளவாதப் பத்திரிகை, ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் படிக்கும் சோஷலிஸ்ட் பத்திரிகை, கடைசியாக ஏழே ஏழு பேர் வாங்கும் கம்யூனிஸ்ட் பத்திரிகையான 'உழைப்பவர் குரல்'.

அந்த ஏழு பேரில் முதல் ஆளாக வந்து நிற்பவர் எவெர்ட் ஹெக்லுண்ட்.

"இந்தாங்க எவெர்ட், உங்க பொய் மூட்டை. இன்னிக்குக் கொஞ்சம் கனமாவே இருக்கு."

"கொடுங்க போஸ்ட்டம்மா. உங்க பத்திரிகையில பொய் எழுதக்கூட இடம் இல்லையே. பாதிப் பக்கம் ஜெபக்கூட்ட அறிவிப்பு, மீதிப் பக்கம் தையல் மெஷின் விளம்பரம்."

இப்படித்தான் தொடங்கும். கால் மணி நேரத்தில் அது ரஷ்யா வரை போய், கடவுள் வரை ஏறி, ஆலையின் கூலி விகிதத்தில் வந்து விழும். சுற்றி நிற்பவர்கள் பக்கம் பிரிந்து கைதட்டுவார்கள். அன்றைக்கு யார் வாதத்தில் தோற்றார்கள் என்று அவர்களே தீர்ப்பும் சொல்வார்கள். தோற்றவர் மறுநாள் அஞ்சலக வாசலில் பனி அள்ள வேண்டும் என்பது யார் வைத்த பந்தயமோ தெரியாது. எவெர்ட் பல நாள் அள்ளினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலில் தாராளவாதிகள் மண்ணைக் கவ்வியதற்காக அந்தக் குளிர்காலத்தில் டெக்லா மூன்று வாரம் தொடர்ந்து அள்ளினாள். "நல்லா ஓரம் வரைக்கும் அள்ளுங்க போஸ்ட்டம்மா, தொழிலாளி வர்க்கம் வழுக்கி விழுந்துடப் போகுது" என்று எவெர்ட் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

வயதான பிறகு டெக்லா தன் வாழ்க்கையில் எந்தக் காலம் நன்றாக இருந்தது என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கால் மணி நேரங்கள்தான் முன்னால் வந்து நின்றன. அப்போது அது சந்தோஷம் என்று அவளுக்குத் தெரியாது. தொண்டை வலிக்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது.

அவளுடைய அப்பா ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிடும் வேலை பார்த்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், பதினொரு வயது இளையவனான தம்பி ரூபெனை அவள்தான் வளர்த்தாள். இருபத்திரண்டு வயதில் அஞ்சல் துறைத் தேர்வு எழுதி, சோக்விக்கின் ஒற்றை அறை அஞ்சலகத்துக்குப் பொறுப்பாளராக வந்தாள். ஆலை மேஸ்திரி ஒருவர் அவளைப் பெண் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்றார். "அப்ப நீங்களும் விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள் டெக்லா. அவர் அப்புறம் வரவில்லை. ஞாயிறு காலை, அரசாங்கச் சபையிலிருந்து பிரிந்து வந்தவர்களின் ஊர் ஜெபவீட்டில் ஆராதனை, சனிக்கிழமை மாலை பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய் நகரத்து ஜெபவீட்டுப் பாடகர் குழுவில் பயிற்சி. பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ வரிசையில் அவள் குரல்தான் எல்லோரையும் தாங்கிப் பிடிக்கும் என்பார்கள்.

எவெர்ட் அவளைவிட ஐந்து வயது மூத்தவர். கட்டை சரிந்து முழங்கால் நசுங்கியதிலிருந்து ஆலையில் உட்கார்ந்த இடத்தில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே தடித்தடிப் புத்தகமாகப் படித்துத் தள்ளினார். அவர் மனைவி ஆக்டா வாயே திறக்க மாட்டாள். "எங்க வீட்டுல பேச்சுக்கான பங்கை ஒருத்தரே எடுத்துக்கிட்டாரு" என்பாள், எப்போதாவது.

முப்பத்தொன்பதாம் ஆண்டு நவம்பர் கடைசியில் ரஷ்யா பின்லாந்தின் மேல் படையெடுத்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம்தான் பின்லாந்து. சோக்விக்கில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தம் உண்டு. பெண்கள் கையுறை பின்னினார்கள், ஆண்கள் ஒரு நாள் கூலியை அனுப்பினார்கள். ரூபென் இருபத்து நான்கு வயதில் தொண்டனாகக் கிளம்பிப் போனான். ரயில் நிலையத்தில் டெக்லா அவன் கழுத்துத் துணியை மூன்று தடவை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு எவெர்ட் வந்தார். 'உழைப்பவர் குரல்' அந்தப் போருக்கு பின்லாந்தின் முதலாளிகள்தான் காரணம் என்று எழுதியிருந்தது. டெக்லா பத்திரிகையை அவர் முன்னால் விட்டெறிந்தாள்.

"இதை நீங்க நம்பறீங்களா எவெர்ட்? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

"உங்க தம்பி நல்லபடியா திரும்பி வரணும்னு நினைக்கிறேன் போஸ்ட்டம்மா."

"நான் அதைக் கேக்கலை."

"நம்பறேன்" என்றார் எவெர்ட். டெக்லா கவுன்டர் ஜன்னல் கதவை அவர் மூக்குக்கு முன்னால் அறைந்து சாத்தினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எவெர்ட்டோடு ஊரில் யாரும் பேசவில்லை. ஆலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. கூட்டுறவுக் கடையில் ஆக்டா நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஏழு சந்தாதாரர்களில் ஆறு பேர் நிறுத்திக்கொண்டார்கள். மார்ச்சில் சண்டை முடிந்தது. அதை ஒட்டியே தலைநகரத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பட்டியலில் உள்ள பத்திரிகைகளை இனி அஞ்சலோ, ரயிலோ, பேருந்தோ ஏற்றிச் செல்லக் கூடாது. பத்திரிகையைத் தடை செய்யவில்லை, அச்சடிக்கலாம், வாசகன் கைக்குப் போய்ச் சேரத்தான் கூடாது. பட்டியலில் 'உழைப்பவர் குரல்' இருந்தது.

டெக்லாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் பிற்காலத்தில் ஒருபோதும் மறைக்கவில்லை.

"வரலை" என்றாள் எவெர்ட்டிடம், சுற்றறிக்கையைக் காட்டி.

அவர் அதை நிதானமாகப் படித்தார். "சரி. உங்க வேலை சுலபமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றி நடந்தார்.

அடுத்த சில வாரங்களில்தான் அவளுக்கு ஏதோ பிசகுவது புரிந்தது. சங்கு ஊதியது, ஆட்கள் வந்தார்கள், பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். கூலியை உயர்த்தக் கூடாது என்று வந்த அறிவிப்பைப் பற்றி ஒரு மேஸ்திரி பேச்செடுத்தபோது, வழக்கமாகக் குதிக்கும் ரம்பக்காரர் ஒருவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பனி உருக ஆரம்பிச்சிடுச்சு" என்றார். ஏப்ரலில் நகரத்துக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். இந்த ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று சும்மா ஒரு பட்டியல் எழுதி வைத்தால் உதவியாக இருக்கும் என்றார்.

"யார் யாருக்கு?" என்று கேட்டாள் டெக்லா.

"ஹெக்லுண்ட் மாதிரி ஆளுங்களுக்கு. உங்களுக்குத் தெரியாததா மிஸ்?"

"எழுத்துல உத்தரவு கொண்டு வாங்க. என் விதிப் புத்தகத்துல அது இல்லை."

அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைப் போட்டுக்கொண்டார். எழுத்தில் எதுவும் வரவில்லை. ஆனால் அதன் பிறகு யாருடைய கடிதத்தைக் கையில் எடுத்தாலும் அவளுக்குத் தன் கையே வேறு யாருடைய கையோ போலத் தெரிந்தது.

ரூபென் அந்த மாதமே திரும்பி வந்திருந்தான், இடது காலில் இரண்டு விரல் இல்லாமல். மே மாதம் இரண்டாம் தேதி ஆக்டா அஞ்சலகத்துக்கு வந்தாள். நெற்றியில் கட்டு. முந்தின நாள், தொழிலாளர் தினத்தன்று, யாரோ அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கல் எறிந்திருக்கிறார்கள். ஆக்டா அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாலு தையல்" என்றாள் ஆக்டா. "ஒரு அஞ்சல் தலை கொடுங்க."

வீட்டில் ரூபென் கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டெக்லா விஷயத்தைச் சொன்னாள். அவன் நிமிரவில்லை.

"நாங்கதான்க்கா."

"யாரு நாங்க?"

"நானும் இன்னும் ரெண்டு பேரும். அவன் வெளியே வருவான்னு நினைச்சோம். அந்த அம்மா நிக்கிறது தெரியலை." கரண்டியை வைத்தான். "என் காலைப் பார்த்தியா? எனக்கு இந்தக் கதி, அவன் இங்க உக்காந்து ரஷ்யாக்காரனுக்குப் பாட்டுப் பாடுவான், நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"கேக்க வேண்டாம். திருப்பிப் பேசு. உனக்குத்தான் எல்லாத்தையும்விட உரிமை இருக்கு. அஞ்சலகத்துக்கு வந்து அவர் முகத்துக்கு நேரா பேசு."

"பேசறதெல்லாம் உனக்கு விளையாட்டு" என்றான் ரூபென்.

அவன் சொன்னதில் பாதி உண்மை இருப்பது டெக்லாவுக்குத் தெரிந்தது. அவள் இழந்தது ஒரு விளையாட்டைத்தான், அவன் இழந்தது கால்விரல்களை. ஆனாலும் ஆக்டாவின் நெற்றிக் கட்டு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்குப் போகும் வழியில் சைக்கிளைத் திருப்பி, மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த 'உழைப்பவர் குரல்' அச்சகத்துக்குப் போனாள். அச்சுக் கோக்கும் பெண் அவளுடைய தொப்பியையும் பாட்டுப் புத்தகப் பையையும் பார்த்துவிட்டு, ஏதோ ஜெபப் பிரசுரம் கொடுக்க வந்தவள் என்று நினைத்தாள்.

"சோக்விக் எவெர்ட் ஹெக்லுண்டுக்கு ஒரு வாரத்துப் பத்திரிகை பாக்கி இருக்கும். கொடுங்க, கொண்டு போறேன்."

"நீங்க நம்ம ஆளா?"

"இல்லை" என்றாள் டெக்லா. "உங்க பத்திரிகையில ஒரு வரிகூட எனக்குப் பிடிக்காது."

மறுநாள் ஆராதனை முடிந்து நேராக ஹெக்லுண்ட் வீட்டுக்குப் போனாள். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அட்டை அடித்திருந்தது. எவெர்ட் கதவைத் திறந்து, பத்திரிகைக் கட்டைப் பார்த்து, அவளைப் பார்த்தார்.

"போஸ்ட்டம்மா, இது சட்டத்துக்கு..."

"அஞ்சல் கொண்டு வரக் கூடாது, ரயில் கொண்டு வரக் கூடாது, பேருந்து கொண்டு வரக் கூடாது. டெக்லா சாண்டெலினோட சைக்கிள் கொண்டு வரக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டேன்."

"எதுக்காக?"

"எனக்கே சரியாத் தெரியலை. படிச்சுட்டு நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க. நீங்க நம்பறது தப்புன்னு நான் சொல்லணும். நீங்க வராம நான் யார்கிட்ட சொல்றது?"

ஆக்டா உள்ளே இருந்து, "காப்பி போட்டிருக்கேன்" என்றாள். அன்றைக்கு மூவரும் உட்கார்ந்து, பின்லாந்தைப் பற்றிக் காப்பி ஆறிப்போகும் வரை சண்டை போட்டார்கள். டெக்லா ஒரு கட்டத்தில் அழுதுவிட்டாள். எவெர்ட் அதற்காகத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குடும்பத்தோடு வீடிழந்து நடந்த பின்லாந்துக்காரர்களைப் பற்றி அவள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் "அது எனக்குத் தெரியலை" என்றார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்றரை மாதத்தில் விஷயம் பரவியது. அஞ்சல் துறை மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் வந்து விசாரித்தார். பணி நேரம் இல்லை, சீருடை இல்லை, சைக்கிள் சொந்தம் என்பதைத் தவிர டெக்லா எதுவும் சொல்லவில்லை. வேலை போகவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவளுக்கு வர வேண்டியிருந்த நகரத்துப் பெரிய அஞ்சலகத்துப் பதவி அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. அதை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது பாடகர் குழு.

குழுத் தலைவர் எலோஃப் நல்ல மனிதர். அவளைத் தனியே கூப்பிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பேசினார்.

"சகோதரி டெக்லா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா பாட்டுப் புத்தகத்தோட பையில நாத்திகன் பத்திரிகை... மத்தவங்க சங்கடப்படறாங்க. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்களேன்."

"நம்ம தாத்தாக்கள் காட்டுல ஒளிஞ்சு ஜெபம் பண்ணினாங்க சகோதரரே. அரசாங்கச் சபையைத் தவிர வேற எங்கயும் கூடக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு. அவங்களுக்கும் யாரோ பைபிளைச் சுமந்துக்கிட்டு வந்திருப்பாங்க."

எலோஃப் முகம் சிவந்தது. "ரெண்டும் ஒண்ணா?"

"இல்லை. ரெண்டும் ஒண்ணு இல்லைதான்" என்றாள் டெக்லா. "தூக்கிட்டு வர்றது மட்டும் ஒண்ணு."

அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. சனிக்கிழமைகளில் அவள் நகரத்துக்குப் போவதும் நிற்கவில்லை. பனிக்காலத்தில் சைக்கிளுக்குப் பதில் காலால் உந்தித் தள்ளும் சறுக்கு வண்டி. திரும்பும்போது ஜெபவீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். உள்ளே ஆல்ட்டோ வரிசை சுருதி இறங்கிக்கொண்டிருக்கும். வெளியே நின்றபடியே மெல்ல அந்த வரியைப் பாடிவிட்டு வண்டியைத் தள்ளுவாள். ரூபென் இரண்டு வருஷம் அக்காவோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், உப்பைக்கூடக் கையை நீட்டி அவனே எடுத்துக்கொண்டான்.

ஆனால் பதினொரு மணி திரும்ப வந்தது. எவெர்ட் வந்து நின்றார். டெக்லா அவரைத் திட்டினாள். முதலில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள், பிறகு ஐந்து பேர், பிறகு கதவைப் பார்க்காமல் பேசுகிறவர்கள் பெருகினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துத் தடையை நீக்கிச் சுற்றறிக்கை வந்தது. "இனிமே சுமக்க வேண்டாம்" என்றார் எவெர்ட். அதற்குள் அவர்கள் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்திருந்தார்கள். "முதுகு வலி போச்சு. உன் கட்சியோட பாரம் கொஞ்சமா?" என்றாள் டெக்லா.

ஐம்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரஷ்ய டாங்கிகள் ஹங்கேரிக்குள் போயின. ஒரு வாரம் எவெர்ட் அஞ்சலகத்துக்கு வரவே இல்லை. வந்தபோது கையில் இரண்டு பக்கக் கடிதம் இருந்தது.

"என் பத்திரிகைக்கு எழுதினேன். தொழிலாளி மேல டாங்கி விடற அரசாங்கத்துக்கு என்ன பேர்னு கேட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க. நேத்துக் கட்சிக் கிளைக் கூட்டத்துல வாயை மூடுன்னாங்க. மூட மாட்டேன்னேன். கட்சியை விட்டு நீக்கிட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்தார். "முப்பது வருஷம் டெக்லா. கூட இருந்தவங்க எல்லாரும் மேஜையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன்கூட என்னோட சண்டைக்கு வரலை."

டெக்லா கடிதத்தைப் படித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும் என்று பல வருஷம் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

"என் பத்திரிகைக்கு அனுப்பினா நாளைக்கே முதல் பக்கத்துல போடுவாங்க."

"போடுவாங்க. பார்த்தியா, கம்யூனிஸ்ட்டே ஒத்துக்கிட்டான்னு கொட்டை எழுத்துல போடுவாங்க. அதுக்காகவா எழுதினேன்? நான் இன்னும் கம்யூனிஸ்ட்தான்."

"அதுவும் சரிதான். இதுல ரெண்டாவது பக்கம் முழுக்க எனக்கு உடன்பாடு இல்லை" என்றாள் டெக்லா. "அப்ப இங்கயே எல்லாரும் கேக்கப் படி."

சங்கு ஊதியது. ஆட்கள் வந்தார்கள். எவெர்ட் எழுந்து நின்று, கைத்தடியை இடுக்கிக்கொண்டு, தன் கடிதத்தைப் படித்தார். முதல் பக்கத்தில் குரல் தடுமாறியது. பின்னாலிருந்து ஒருவன், "இப்பதான் முழிச்சியா கிழவா?" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். எவெர்ட் நிறுத்திவிட்டார்.

கதவருகே நின்றிருந்தவன் ரூபென். நாற்பது வயது தாண்டி, தலை பாதி நரைத்துவிட்டது. காலைச் சற்று இழுத்து ஒரு அடி முன்னால் வந்தான்.

"அவர் படிச்சு முடிக்கட்டும்" என்றான். "அப்புறம் கத்து. நானும் கத்தறேன். எனக்கு நிறைய இருக்கு."

எவெர்ட் முழுவதையும் படித்து முடித்தார். ரூபென் சொன்னபடியே பிறகு கத்தினான், பதினாறு வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம். ஆலைச் சங்கு இரண்டாம் முறை ஊதியும் யாரும் நகரவில்லை. தான் கல் எறிந்த அந்த ஜன்னலைப் பற்றி அவன் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை, பிறகும் இல்லை. எவெர்ட்டும் கேட்கவில்லை. ஆக்டாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. "அவன் கூச்சப்படறான், விடு" என்று டெக்லாவிடம் ஒருமுறை சொன்னாள்.

அறுபதுகளின் நடுவில் ஆலை மூடியது. அஞ்சலகமும் மூடியது. டெக்லா ஓய்வு பெற்று நகரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு சின்னக் குடியிருப்புக்கு வந்தாள். சுத்தமான கட்டடம், வெந்நீர் வரும். படிக்கட்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும் மரியாதையாகச் சிரித்து, காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். யார் எந்தக் கட்சி என்று இரண்டு வருஷம் ஆகியும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தேர்தலுக்கு முந்தின வாரம், துவைக்கும் அறையில் வேண்டுமென்றே வரிகளைப் பற்றிப் பேச்செடுத்தாள். அங்கிருந்த இரண்டு பெண்களும் துணியை மடிப்பதில் மும்முரமானார்கள். இங்கே யாரும் யார் ஜன்னலிலும் கல் எறியப் போவதில்லை. அது நல்ல விஷயம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மாடியேறி வந்து, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, வாசலில் பனி அள்ளியதை நினைத்துக் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆக்டா காலமான பிறகு எவெர்ட் மாதத்துக்கு ஒருமுறை பேருந்தில் அவளைப் பார்க்க வருவார். எழுபத்தொன்றாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு நாள் வந்தார். ஐரோப்பிய நாடுகளின் பொதுச் சந்தையில் தங்கள் நாடும் சேர வேண்டுமா, கூடாதா என்பது அன்றைய பேச்சு. டெக்லா சேர வேண்டும் என்றாள். எவெர்ட் அது முதலாளிகளின் சங்கம் என்றார். காது மந்தமாகிவிட்டதால் இரண்டு பேரும் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்கள். எவெர்ட் மேஜையைக் கைத்தடியால் தட்டினார். டெக்லா கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே அவரைப் பிடிவாதக்காரக் கழுதை என்றாள்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு இளம்பெண் வெளிறிய முகத்தோடு நின்றாள்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லையே மிஸ் சாண்டெலின்? யாராவது உங்களைத் தொந்தரவு... போலீஸைக் கூப்பிடணுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றாள் டெக்லா. "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."

"சந்தையில சேரணுமா வேண்டாமா?" என்று உள்ளேயிருந்து எவெர்ட் கத்தினார். "அந்தப் பொண்ணைக் கேளு!"

அந்தப் பெண், யாராவது கேட்கிறார்களா என்று படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு... வேண்டாம்னுதான் தோணுது" என்றாள்.

"ஐயோ, இன்னொண்ணா?" என்றாள் டெக்லா. உள்ளே வரும்படி கையைப் பிடித்து இழுத்து, மூன்றாவது கோப்பையை எடுக்க அலமாரியைத் திறந்தாள்.